பெட்டியைத் தூக்கிக்கிட்டு அலைந்த டாக்டர்

விளையாட்டு வீரர்கள் தொடையில் பேட் ஒட்டி, கரண்ட் கொடுத்துத் தசையைச் சுருங்க வைக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அதுக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் டூஷேன்.

1806-ல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் பிறந்தார். பரம்பரையே கடலோடிகள், அப்பாவுக்கு மகனும் கப்பலேறணும்னு ஆசை. இவரோ மருத்துவம் படித்தார். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில், பிரசவத்தை ஒட்டி மனைவி இறந்துபோனார். மகனையும் பிரிந்தார்.

1842-ல் பாரிஸ் போனார். எந்த ஆஸ்பத்திரியிலும் பதவி இல்லை. பேட்டரியும் காயிலும் வைத்த பெட்டியோடு வார்டு வார்டாக அலைந்து, வாதத்தில் முடங்கியவர்களைப் பார்த்தார். அதுவரை தசைக்குக் கரண்ட் கொடுக்க ஊசி குத்துவாங்க. இவர் ஈரமான எலக்ட்ரோடைத் தோல்மேல் வைத்தே, வேண்டிய தசையை மட்டும் சுருங்க வைத்தார். 1855-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். தசைச் சிதைவு நோய் ஒன்றுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

தசைகளைத் தனித்தனியா இயக்கிப் பார்த்தவர் கடைசியில் கண்டது என்ன தெரியுமா? இயல்பான அசைவில் எந்தத் தசையும் தனியா வேலை செய்யாது. 1875-ல் மறைந்தார். பேட் ஒட்டினதும் பயிற்சியை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களா? டூஷேனைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க.