கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்ட கணினி: யார் இந்த ஆர்.நரசிம்மன்?

ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், தென்காசி, இலஞ்சி, செங்கோட்டைப் பக்கம் காற்றிலேயே ஈரம் நிற்கும். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. அந்தச் சமயத்தில் வீட்டில் இருக்கும் அசெம்பிள்டு கம்ப்யூட்டரைப் பத்துப் பதினைந்து நாள் தொடாமல் விட்டுவிட்டு சுவிட்சைப் போட்டால், சில நேரம் ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. ‘ஆன் ஆகுது, ஆனா டிஸ்ப்ளே வரல’ என்று சர்வீஸ் கடையில் போய் நிற்போம்.

விவரமான மெக்கானிக் இதற்கெல்லாம் பதற மாட்டார். கேபினட்டைத் திறந்து ஹார்டு டிஸ்க், டிவிடி டிரைவ், இரண்டாவது ராம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைப்பார். கடைசியில் மதர்போர்டு, பிராசஸர், ஒரே ஒரு ராம், பவர் சப்ளை மட்டும் மிஞ்சும். அந்த ராமின் பொன்னிற முனைகளில் படிந்திருக்கும் மெல்லிய அழுக்கை வெள்ளை ரப்பரால் தேய்த்து, துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டுவார். இப்போது திரை வந்துவிட்டால், கழற்றியதை ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டுவார். எதை மாட்டும்போது படுத்துக்கொள்கிறதோ, அதுதான் குற்றவாளி.

முதலில் குறைந்தபட்சம் ஓட வை, பிறகு ஒவ்வொன்றாகச் சேர். இந்த வழியை இன்று பத்தாம் வகுப்புப் பையன்கூட யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்கிறான். ஆனால் பார்க்க வீடியோ இல்லாத, கேட்க ஆள் இல்லாத, வாங்க உதிரிபாகமும் எளிதில் கிடைக்காத காலத்தில், பம்பாயில் ஆறு பேர் இதே வழியில்தான் இந்தியாவின் முதல் சொந்தக் கணினியைச் செய்து முடித்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த ஒரு தமிழர், ரங்கசாமி நரசிம்மன்.

கிண்டியிலிருந்து பம்பாய்க்கு

1926 ஏப்ரல் 17 அன்று பிறந்த நரசிம்மன், கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தார். மேற்படிப்புக்கு அமெரிக்கா போனார். கலிபோர்னியாவின் கால்டெக்கில் மின் பொறியியலில் முதுகலை, இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம். கையால் வயரைப் பிடிக்கவும் தெரியும், தாளில் தேற்றம் எழுதவும் தெரியும். அந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு ரொம்பவே உதவியது.

1954-ல் அவர் ஹோமி பாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே முழுமையான மின்னணுக் கணினி ஒன்றை நாமே கட்டலாம் என்று முடிவாகியிருந்தது. அந்தக் காலத்தில் இது எவ்வளவு துணிச்சல் என்பதை யோசித்துப் பாருங்கள். நாட்டுக்கு முதல் டிஜிட்டல் கணினி வந்ததே அதற்கு அடுத்த ஆண்டுதான். 1955-ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு, பிரிட்டனிலிருந்து எச்.இ.சி-2எம் என்ற இயந்திரம் கப்பலில் வந்து இறங்கியது. பம்பாய்க் குழுவில் நரசிம்மனைத் தவிர மற்றவர்களுக்குக் கணினிப் பழக்கமே கிடையாது. பெரும்பாலும் இயற்பியலும் மின்னணுவியலும் படித்த இளைஞர்கள்.

வடிவமைப்புக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் வான் நியூமன் குழு உருவாக்கிய ஐ.ஏ.எஸ். கணினி. அதன் விவரங்கள் அறிக்கைகளாக வெளியாகியிருந்தன. ஆனால் அறிக்கையைப் படிப்பது வேறு, பம்பாய் வெக்கையில் உட்கார்ந்து அதை வயரும் வால்வுமாக ஆக்குவது வேறு.

நரசிம்மன் குழு நேராகப் பெரிய இயந்திரத்தில் கைவைக்கவில்லை. முதலில் ஒரு சின்ன முன்னோட்டக் கணினியைக் கட்டினார்கள். 1956-ல் அது இயங்கியது. யாரும் அதை வைத்துப் பெரிய கணக்கெல்லாம் போட்டுவிட முடியாது. நாம் வரைந்த சுற்று சரியா, நினைவகம் சொன்னதை வைத்துக்கொள்கிறதா, கட்டளைகள் வரிசைப்படி நடக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள மட்டுமே அது. தென்காசி மெக்கானிக்கின் மேசையில் ஒரே ஒரு ராமோடு ஓடும் மதர்போர்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அது ஓடியது என்றால், பெரிய இயந்திரத்தில் பின்னால் வரும் கோளாறு வடிவமைப்பால் வந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

2,700 வால்வில் எது?

முழுக் கணினி 1960-ல் இயங்கத் தொடங்கியது. அதற்கு டிஃப்ராக் என்று பெயர் வைத்தவர் பிரதமர் நேரு. உள்ளே 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மானியம் டையோடுகள், 12,500 ரெசிஸ்டர்கள். 18 அடி நீளம், 8 அடி உயரத்துக்கு எஃகு அலமாரி வரிசை.

பழைய வால்வு ரேடியோ வீட்டில் இருந்தவர்களுக்கு வால்வைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பல்பு மாதிரி உள்ளே இழை சூடாகவேண்டும், சூடானால்தான் வேலை செய்யும், ஒருநாள் போய்விடும். ரேடியோவில் ஐந்தாறு வால்வுகள்தான் இருக்கும், சமாளித்துவிடலாம். 2,700 வால்வு இருந்தால் என்ன ஆகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வால்வு சராசரியாக 10,000 மணி நேரம், அதாவது இடைவிடாமல் ஓராண்டுக்கு மேல் உழைக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 10,000-ஐ 2,700-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 4. சராசரியாக நாலு மணி நேரத்துக்கு எங்கேயோ ஒரு வால்வு கைவிடும். இது தாளில் போடும் கணக்கு, நடைமுறையில் கூடும் குறையும். ஆனால் பழுது பார்ப்பது என்பது அந்தத் தலைமுறைக் கணினிகளில் எப்போதாவது வரும் வேலையாக இருக்க முடியாது என்பதற்கு இதுவே போதும்.

முழுசாக எரிந்துபோன வால்வு நல்ல வால்வு என்றே சொல்லவேண்டும். இழை எரியாது, தொட்டால் சூடு இருக்காது, கண்டுபிடித்துவிடலாம். தலைவலி தருவது பாதி செத்த வால்வுதான். பத்து முறை சரியாகக் கூட்டும், பதினோராவது முறை தப்பாகக் கூட்டும். கூடவே பாதி ஒட்டிய ஈயப் பற்று. மெக்கானிக்குகள் இன்றைக்கும் ‘டிரை சால்டர்’ என்று திட்டுவார்களே, அதுதான். சூட்டில் விரியும்போது தொடர்பு விடும், ஆறினால் தானாகச் சேர்ந்துகொள்ளும். அப்புறம் வால்வின் கால் உட்காரும் குழியில் படியும் அழுக்கு. சாரல் காலத்து ராமுக்கு நேர் மூதாதை அது.

இதையெல்லாம் உலகம் முழுவதும் அடிபட்டுத்தான் கற்றார்கள். 1946-ல் அமெரிக்காவில் வெளிவந்த எனியாக்கில் ஏறக்குறைய 18,000 வால்வுகள். அடிக்கடி அணைத்துப் போடும்போதுதான் வால்வுகள் அதிகம் போகின்றன என்று கண்டு, அதைப் பெரும்பாலும் அணைக்காமலே வைத்திருந்தார்கள். எம்.ஐ.டி.யின் வேர்ல்விண்ட் கணினியில் இன்னொரு தந்திரம் செய்தார்கள். இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வேண்டுமென்று மின்னழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி, பரிசோதனைக் கணக்கை ஓட்டுவார்கள். ஆள் திடமாக இருக்கும்போதே மாடிப்படி ஏறச் சொல்லி, மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பது மாதிரி. எந்தப் பகுதி திணறுகிறதோ, அங்கேதான் நாளைக்குப் போகப்போகிற வால்வு இருக்கிறது.

டிஃப்ராக்கின் உடலமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்த அலமாரிகளின் கதவு. முழு இயந்திரமும் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்பக்கமும் பின்பக்கமும் கதவு வைக்கப்பட்டிருந்தது. இந்தப் பெட்டியைத் திறக்கப்போகிறோம், அடிக்கடி திறக்கப்போகிறோம் என்று தெரிந்தவர்கள் செய்த இயந்திரம் அது. இன்று ராமை மதர்போர்டோடு ஒட்டி, அடிமூடியைப் பசைபோட்டு மூடி விற்கும் லேப்டாப்பைத் திறக்க முடியாமல் விழிக்கும் எந்தக் கடைக்காரருக்கும் இதன் அருமை புரியும்.

தப்பு விழும் வரிசையே துப்பு

நினைவகத்தின் கதை கொஞ்சம் தனி. டிஃப்ராக்கில் இருந்தது ஃபெரைட் வளைய நினைவகம். அப்போது உலகத்துக்கே அது புதுசு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய காந்த வளையங்களைப் பூ தொடுப்பது போல மெல்லிய கம்பிகளில் கோத்து வலையாகப் பின்னுவார்கள். ஒரு வளையம் ஒரு பிட். டிஃப்ராக்கில் ஒரு சொல்லுக்கு 40 பிட், மொத்தம் 2,048 சொற்கள். பெருக்கினால் 81,920 பிட். இன்றைய கணக்கில் வெறும் 10 கேபி. குற்றாலத்தில் எடுத்த ஒரு செல்ஃபியைக்கூட அதில் வைக்க முடியாது.

இந்த நினைவகத்தில் ஒரு வேடிக்கை உண்டு. படித்தால் அழிந்துவிடும். ஒவ்வொரு முறை படித்ததும் உடனே திருப்பி எழுதவேண்டும். அப்படியானால் ஒரு எண் காணாமல் போனால் யாரைக் குற்றம் சொல்வது? வைத்திருந்த வளையத்தையா, படித்த சுற்றையா, திருப்பி எழுதாத சுற்றையா?

இங்கேதான் கோளாறின் வரிசையைப் பார்க்கவேண்டும். இத்தகைய நினைவகங்களில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் தப்பு வந்தால், அந்த வளையத்தைச் சந்தேகிக்கலாம். ஒரு வரிசை முழுக்கத் தப்பு வந்தால், அந்த வரிசைக்கு மின்சாரம் செலுத்தும் கம்பியோ சுற்றோ காரணம். எல்லாச் சொற்களிலும் அதே 17-வது பிட் மட்டும் தப்பு என்றால், அந்த பிட்டைப் படிக்கும் பெருக்கியைப் போய்ப் பாருங்கள். வளையங்களைத் தொடவே வேண்டாம். அதனால்தான் ஒன்றும் சுழியமும் மாறி மாறிச் சதுரங்கக் கட்டம் போல எழுதி, திரும்பப் படித்து, எங்கே பிசகுகிறது என்று பார்க்கும் சோதனை வழக்கத்துக்கு வந்தது. நீல நிறத் திரையோடு அடிக்கடி நின்றுபோகும் உங்கள் கம்ப்யூட்டரில், மெக்கானிக் ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் போகும் மெம்டெஸ்ட் அந்தச் சோதனையின் பேரப்பிள்ளை.

பிறக்கும்போதே பழசா?

டிஃப்ராக் மீது ஒரு விமர்சனம் உண்டு, அது நியாயமானதும்கூட. அது முடிந்த 1960-ல் உலகம் டிரான்சிஸ்டருக்குப் போய்விட்டது. வால்வுக் கணினி பிறக்கும்போதே பழசு. 1964-ல் அதே நிறுவனத்துக்கு அமெரிக்காவிலிருந்து சி.டி.சி. 3600 வந்தது. 1965 வாக்கில் டிஃப்ராக் ஓய்வுபெற்றது. அதைப் பார்த்து இந்தியத் தொழிற்சாலை எதுவும் கணினி செய்து விற்கவும் இல்லை. இவ்வளவு பாடுபட்டதற்குப் பதில் ஒன்றை வாங்கியிருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு, இயந்திரத்தை மட்டும் காட்டிப் பதில் சொல்லிவிட முடியாது.

நரசிம்மனின் பிந்தைய வாழ்க்கையைப் பார்த்தால் பதில் கொஞ்சம் தெரிகிறது. 1961 முதல் 1964 வரை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்தார். படங்களை இலக்கணம் போலப் பிரித்துக் கணினிக்குப் புரியவைக்கும் வழியை ஆராய்ந்தார். இன்று பேசப்படும் படமறிதல் ஆராய்ச்சியின் ஆரம்பகாலப் பெயர்களில் அவருடையதும் ஒன்று. திரும்பி வந்ததும் இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் தென்காசி வாசகருக்கு அவர் அதிகம் நெருங்கி வருவது வேறொரு இடத்தில்.

ஐ.பி.எம். போன பிறகு

1960களிலும் 70களிலும் இந்தியாவில் கணினி என்றால் பெரும்பாலும் ஐ.பி.எம். இயந்திரத்தை வாடகைக்கு வைத்திருப்பார்கள். பழுதானால் அவர்கள் ஆள்தான் வரவேண்டும், அவர்கள் ஆள்தான் திறக்கவேண்டும். நம் அலுவலகத்தில் நிற்கும் இயந்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அந்தக் கதவு யாருடைய கையில் இருக்கிறது என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை.

1975-ல் மத்திய அரசு ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் உருவாக்கத்தில் நரசிம்மனுக்கு முக்கியப் பங்கு உண்டு. நிறுவனத்தின் பெயர் கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன், சுருக்கமாக சி.எம்.சி. புதுக் கணினி செய்வதற்கு அல்ல, இருக்கும் கணினியைப் பழுது பார்ப்பதற்கென்றே ஒரு அரசு நிறுவனம்! 1978-ல், அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்கைக் குறைக்க மறுத்து ஐ.பி.எம். நாட்டைவிட்டுப் போனபோது, அது விட்டுச்சென்ற இயந்திரங்களை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. சி.எம்.சி. பொறியாளர்கள் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். கதவைத் திறக்கத் தெரிந்த கைகள் அதற்குள் நாட்டில் இருந்தன.

பழுது பார்க்கக் கற்றவர்களுக்கு அடுத்து கட்டவும் வந்தது. 1980களின் நடுவில் டெல்லியில் ரயில் டிக்கெட் முன்பதிவைக் கணினிக்கு மாற்றியது இதே சி.எம்.சி.தான். அதற்கு முன் ஒவ்வொரு ரயிலுக்கும் பேரேட்டில் கையால் எழுதுவார்கள். இன்று பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஒரு பெர்த் கிடைக்குமா என்று தென்காசி கவுன்ட்டரில் கேட்டதும் பதில் வருவதற்கு, அங்கே தொடங்கிய வேலைதான் ஆரம்பம்.

நரசிம்மன் தன் பிற்காலத்தை மொழிக்குக் கொடுத்தார். குழந்தைகள் பேசக் கற்றுக்கொள்வது எப்படி, எழுத்து வந்த பிறகு மனிதன் யோசிக்கும் விதம் எப்படி மாறியது என்றெல்லாம் ஆராய்ந்து நூல்கள் எழுதினார். சி.எம்.சி. 2001-ல் டாடா குழுமத்துக்கு விற்கப்பட்டது. 2007 செப்டம்பர் 3 அன்று, 81-வது வயதில், நரசிம்மன் பெங்களூருவில் காலமானார். 2015-ல் சி.எம்.சி.யும் டி.சி.எஸ்.ஸுடன் இணைந்துவிட்டது.