மூன்றாம் முறை தேறிய டாக்டர்

போன செமஸ்டரிலும் எனக்குக் கணிதத்தில் அரியர். இது இரண்டாம் தடவை. எங்க வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான்தான். நைனா ஆம்பூரில் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. அம்மா ஷூ கம்பெனியில் தைக்கிறார். படிப்பு போதும், நானும் கம்பெனிக்கே போயிடலாம்னு இருந்தேன். அப்போதுதான் நூலகத்தில் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்க்கையைப் படித்தேன்.

அன்றைய சென்னை மாகாணத்தில், பீமாவரத்தில் 1895-ல் பிறந்தவர் அவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோல்வி! மூன்றாம் முறைதான் தேறினார். உடன்பிறந்த இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய் சில நாள் இடைவெளியில் கொண்டுபோனது. மாமனார் உதவியோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். தான் கிடைத்தது.

அதோடு நின்றாரா? அமெரிக்கா போனார். ஹார்வர்டில் ஆராய்ச்சி, செலவுக்கு ஆஸ்பத்திரியில் போர்ட்டர் வேலை. 1929-ல் ஃபிஸ்கேயோடு சேர்ந்து, செல்லுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார். 1940-ல் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1945-ல் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. தன் சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கே அது மருந்து! 1960-களில் நம்ம வட ஆற்காடு கிராமங்களில் அந்த நோய் கொள்ளைநோயாகப் பரவியபோது, வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள்.

ஃபோலிக் அமிலம் இல்லாமல் செல் புது டி.என்.ஏ. செய்ய முடியாது. அதற்குப் போலிச் சாவி மாதிரி அமினோப்டெரின் என்ற பொருளையும் அவர் குழு உருவாக்கியது. 1948-ல் டாக்டர் ஃபார்பர் வெளியிட்ட ஆய்வில், ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளில் 10 பேருக்கு அது தற்காலிக நிவாரணம் தந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்தார். ஊரில் விட்டு வந்த மனைவியை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

கதை அங்கே முடியவில்லை. 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் இரண்டு செல்களை இணைத்து ஒன்றாக்கினார்கள். ஒன்று, எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் மண்ணீரல் செல்; ஆனால் குடுவையில் சில நாளில் சாகும். மற்றது, சாகாமல் பெருகும் புற்றுநோய் செல். எல்லாம் இணையாதே, இணைந்ததை எப்படிப் பிரிப்பது? அங்கேதான் அமினோப்டெரின்! டி.என்.ஏ. செய்யும் ஹைவேயை அது அடைத்துவிடும். புற்றுநோய் செல்லுக்குக் குறுக்கு வழியில் போக நொதி கிடையாது, செத்துவிடும். மண்ணீரல் செல் தானாகவே சாகும். இணைந்த செல்லுக்கோ ஒருவரிடமிருந்து நொதி, மற்றவரிடமிருந்து ஆயுசு. அதுவே பிழைக்கும். இதற்கு 1984-ல் நோபல் பரிசு.

ரத்ததான முகாமில் நம்ம ரத்தத்தோடு நீலச் சொட்டும் மஞ்சள் சொட்டும் கலந்து குரூப் பார்த்தார்களே, அந்தச் சொட்டுகள் இன்று பெரும்பாலும் இப்படி இணைத்த செல்களிலிருந்துதான் வருகின்றன. இரண்டு முறை ஃபெயிலான ஒருவரின் உழைப்பு அதற்குள்ளும் இருக்கிறது!

இரண்டாம் அரியரை வீட்டில் நான் இன்னும் சொல்லவில்லை. நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. இந்த மலரைத் தங்கச்சிதான் படித்துக் காட்டுவாள். நைனா, ஏப்ரலில் மூன்றாம் முறை எழுதுகிறேன்.