பெட்டியைத் திறவாமல் உள்ளே கண்டவர்

கவிஞர்களுக்குரிய இம்மலரில் ஒரு மின்பொறியாளரின் வரலாற்றுக்கு என்ன வேலை என அன்பர்கள் வினவக்கூடும். திறவாத ஒன்றின் உள்ளிருப்பதை வெளியிலிருந்தே உணர முற்படுவது நம் தொழிலுமாகும். அந்த உறவு பற்றியே காட்பிரே ஹவுன்ஸ்ஃபீல்டை இங்கு நினைக்கிறேன்.

இங்கிலாந்தின் நாட்டிங்காம்சயர் பகுதியில், நியூவார்க் நகரை அடுத்த சிற்றூரில், 1919 ஆகஸ்டு 28 அன்று உழவர் குடும்பத்தின் ஐந்தாம் பிள்ளையாகப் பிறந்தார். பண்ணையே அவருக்குப் பள்ளி. வைக்கோற்போரின் உச்சியிலிருந்து தாமே செய்த சிறகுகளோடு குதித்தார். தார்ப் பீப்பாயில் நீரும் அசிட்டிலீன் வாயுவும் சேர்த்து வெடிக்க வைத்து, அது எவ்வளவு உயரம் செல்லும் எனப் பார்த்தார். பள்ளியில் கணக்கும் இயற்பியலும் தவிர வேறெதிலும் நாட்டமில்லை. போர்க்காலத்தில் வான்படையில் ராடார் கற்பித்தார். போர் முடிந்தபின் உதவித்தொகை பெற்று இலண்டன் ஃபாரடே இல்லத்தில் மின்பொறியியல் பட்டயம் பெற்றார். பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் அவர் பெறவில்லை. முனைவர் பட்டத்துக்காக ஆண்டுகள் பல கழித்த எனக்கு இவ்வரியை எழுதும்போது சற்றே நாணம் தோன்றுகிறது.

பின்னர் இ.எம்.ஐ. நிறுவனத்தில் சேர்ந்தார். நாய்ப்படம் பொறித்த இசைத்தட்டுகளால் நம் பெற்றோர் அறிந்த அதே நிறுவனந்தான். அங்கே டிரான்சிஸ்டர்களால் இயங்கும் கணிப்பொறி ஒன்றை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை ஏற்றார். அடுத்து மேற்கொண்ட நினைவகத் திட்டம் வணிகத்துக்கு உதவாது எனக் கைவிடப்பட்டது. வேறொரு துறையைத் தாமே எண்ணிச் சொல்லுமாறு நிறுவனம் அவரிடம் விட்டது. தோல்வியில் கிடைத்த அந்த ஓய்வில், 1967ஆம் ஆண்டு, இக்கருத்து பிறந்தது: ஒரு பெட்டியின் ஊடே எல்லாக் கோணங்களிலும் கதிரைச் செலுத்தி அளந்தால், திறவாமலே உள்ளிருப்பதைக் கணக்கிடலாம்.

எளிய எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். கட்டம் கட்டமாகப் பிரித்த பலகையில் எண்கள் மறைந்துள்ளன. வரிசைகளின் கூட்டுத்தொகைகள் மட்டும் நமக்குத் தெரியும். நேராகவும் குறுக்காகவும் சாய்வாகவும் போதுமான கூட்டுத்தொகைகள் கிடைத்தால் ஒவ்வோர் எண்ணையும் மீட்டெடுக்கலாம். தலையின் ஊடே செல்லும் எக்ஸ் கதிர் வழியிலுள்ள திசுக்களால் எவ்வளவு குறைந்தது என்பதே அக்கூட்டுத்தொகை. சாதாரண எக்ஸ்ரே படமோ எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே நிழலாக்கிவிடும். மண்டையோட்டின் நிழலில் மூளை மறைந்துபோகும். அக்காலத்தில் மூளைக் கட்டியை அறிய, தண்டுவட நீரை வடித்துக் காற்றைச் செலுத்திப் படமெடுத்தனர். நோயாளிகள் பட்ட வேதனை சொல்லுந்தரமன்று.

முதற்கருவி பழைய கடைசல் இயந்திரத்தின் அடித்தளத்தில் அமைந்தது. காமாக் கதிர் தந்த அமெரிசியம் வலுவற்றதாகையால், ஒரு படத்துக்கு 28,000 அளவுகளை எடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. கணிப்பொறிக்கு மேலும் இரண்டரை மணி நேரம். எக்ஸ் கதிர்க் குழாய் பொருத்தியபின் ஒன்பது நாள் ஒன்பது மணியாயிற்று. பதப்படுத்திய மூளை தெளிவான படம் தந்தபோதும், பதப்படுத்திய மருந்தே அத்தெளிவுக்குக் காரணமோ என்ற ஐயம் எழ, காளையின் புதிய மூளையை இலண்டனின் குறுக்கே சுமந்து வந்து சோதித்தார். தம் வெற்றியையே ஐயுற்ற இந்நேர்மை என்னைப் பெரிதும் கவர்ந்தது.

1971 அக்டோபர் முதல் நாள், விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், மருத்துவர் ஜேம்ஸ் ஆம்புரோசின் மேற்பார்வையில், மூளைக்கட்டி ஐயம் கொண்ட ஒரு பெண்மணி அக்கருவியில் தலைவைத்துப் படுத்தார். முன்மூளையில் வட்டமான கருமை தெரிந்தது. அறுவை செய்தபோது படத்தில் கண்டவாறே கட்டி அங்கிருந்தது. அப்பெண்மணிக்கு அன்று எத்துணை அச்சம் இருந்திருக்கும்! வரலாற்று நூல்கள் அவர் பெயரைச் சொல்வதில்லை.

1979இல் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் ஆலன் கார்மக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த கார்மக் இதே சிக்கலின் கணிதத் தீர்வை 1963, 1964ஆம் ஆண்டுகளிலேயே வெளியிட்டிருந்தார். ஏறத்தாழ எவரும் பொருட்படுத்தவில்லை. ஹவுன்ஸ்ஃபீல்டும் அதை அறியாமலே தம் வழியில் சென்றார். அவ்விருவருக்கும் முன்பே, 1917இல், யோகன் ராடான் என்னும் ஆஸ்திரியக் கணித அறிஞர் இதன் அடிப்படையை எழுதிவைத்திருந்தார். அதைக் கார்மக்கும் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தார். படிப்பாரின்றிக் கிடக்கும் ஏடுகளின் துயரம் நம் வட்டத்தாருக்குப் புதிதன்று. பீட்டில்ஸ் இசைக்குழுவின் வருவாயே இக்கருவியைத் தந்தது என்றொரு கதை உலவுகிறது. பிரித்தானிய நலவாழ்வுத் துறையும் பெரும்பொருள் உதவியதை அக்கதை மறந்துவிடுகிறது.

இவர் மணம் செய்துகொள்ளவில்லை. பரிசுப் பணத்தைக் கொண்டு வீட்டிலேயே ஆய்வுக்கூடம் அமைத்தார் என்பர். 1981இல் சர் பட்டம் வந்தது. 2004 ஆகஸ்டு 12 அன்று மறைந்தார். திசுக்களின் அடர்த்தியைக் குறிக்கும் அலகு அவர் பெயரால் வழங்குகிறது: அதில் நீருக்குச் சுழி, காற்றுக்குக் கழித்தல் ஆயிரம்.