பயாஸுக்குப் பேர் வச்ச வாத்தியார்

விண்டோஸ் பக்கத்துலயே உபுண்டுவும் போட்டு வச்சிருக்கிற யாரும் முதல்ல பண்ற வேலை, பயாஸுக்குள்ள போறது. இப்போ லேப்டாப்ல இருக்கறது யூஇஎஃப்ஐ தான். ஆனா நாம இன்னும் பயாஸ்னு தான் சொல்றோம். அந்தப் பேரைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் கேரி கில்டால்.

1942-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். குடும்பமே கப்பல் ஓட்டும் கலையைக் கற்றுத்தரும் பள்ளி நடத்தியது. கம்ப்யூட்டர் சயின்ஸில் டாக்டரேட் வாங்கி, கலிஃபோர்னியாவின் மான்டரேயில் கடற்படை முதுகலைக் கல்லூரியில் பாடம் எடுத்தார். சைடுல இன்டெலுக்கு ஆலோசகர் வேலை.

1974-ல் மைக்ரோபிராசசரையும் ஃப்ளாப்பி டிஸ்க்கையும் சேர்த்து ஓட வைக்க சிபி/எம் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதினார். மனைவி டோரதியுடன் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கினார். அப்போ ஒவ்வொரு கம்பெனி மெஷினும் ஒவ்வொரு மாதிரி. எல்லாத்துக்கும் தனித்தனியா முழுசா எழுத முடியுமா? ஹார்டுவேரோடு பேசும் பகுதியை மட்டும் தனியே பிரித்து பயாஸ் என்று பெயர் வைத்தார். புது மெஷின் வந்தா அதை மட்டும் மாத்தினா போதும். ஏ, பி என்று டிரைவுக்கு எழுத்து வைக்கும் பழக்கமும் சிபி/எம் வழியாகத்தான் நம்ம பிசிக்கு வந்தது.

1980-ல் ஐபிஎம் ஆட்கள் தேடி வந்தார்கள். அன்றைக்கு அவர் ஜாலியா விமானம் ஓட்டப் போய் வாய்ப்பை விட்டுட்டார்னு ஒரு கதை இன்னும் சுத்துது. உண்மையில் அவர் போனது ஒரு கஸ்டமரைப் பார்க்க. ஐபிஎம் நீட்டிய ரகசிய ஒப்பந்தத்தில் டோரதி கையெழுத்துப் போடவில்லை. பேச்சு இழுத்தது, டீல் அமையவில்லை. சிபி/எம் மாதிரியே அமைந்த இன்னொரு சிஸ்டத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கி ஐபிஎம்முக்குக் கொடுத்தது. அதுதான் டாஸ்.

கில்டால் சண்டை போட்டதால, ஐபிஎம் தன் பிசிக்கு சிபி/எம்-86-ஐயும் விற்க ஒத்துக்கிட்டது. ஒரே மெஷின், எந்த ஓஎஸ் வேணும்னு வாங்குறவர் முடிவு பண்ணலாம். ஆனா டாஸ் விலை 40 டாலர், சிபி/எம்-86 விலை 240 டாலர். அந்த விலையில் யார் எதை வாங்கியிருப்பாங்க?

1983-ல் வந்த பிசி எக்ஸ்டியில் 10 எம்பி ஹார்டு டிஸ்க். அதை நாலு பார்ட்டிஷன் வரை பிரிக்கலாம், ஒவ்வொன்றிலும் வேற ஓஎஸ் வைக்கலாம். எம்பிஆர் டிஸ்க்குக்கு நாலு பிரைமரி தான் லிமிட்னு நம்மை இன்னமும் படுத்துற கணக்கு அப்போ வந்தது. டாஸையும் சிபி/எம்மையும் ஒரே டிஸ்க்கில் வைக்க அது வழி விட்டது. ஆனா அதுக்குள்ள சந்தை டாஸ் பக்கம் சாய்ந்துவிட்டது.

கில்டால் விடவில்லை. டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டிஆர் டாஸை அவர் கம்பெனி 1988-ல் கொண்டு வந்தது. 1991-ல் கம்பெனி நாவெல் கைக்குப் போனது. டிவியில் கம்ப்யூட்டர் நிகழ்ச்சியும் தொகுத்து வழங்கினார். 1994 ஜூலையில், தலையில் அடிபட்டு, 52 வயதில் இறந்தார்.

ஐபிஎம்மைத் தவறவிட்டவர் என்று ஒரே வரியில் அவரை முடிச்சுடறாங்க. அது நியாயமில்லை. ஹார்டுவேர் வேற, ஓஎஸ் வேற, ரெண்டையும் ஒட்டிப் போட வேண்டாம்னு செஞ்சு காட்டினவர் அவர். நம்ம லேப்டாப்ல ரெண்டு ஓஎஸ் சண்டை போடாம இருக்கறதுக்கு அந்த யோசனைதான் அஸ்திவாரம்.