காரைக்கால் அம்மையார்: இழந்ததும் துறந்ததும்

சைவ சமய பாடம் படித்த எவரும் காரைக்கால் அம்மையாரின் மாம்பழக் கதையை மறந்திருக்க மாட்டார்கள். பரீட்சைக்கு அந்தக் கதை போதுமாயிருந்தது. ஆனால் அம்மையாரின் பெருவாழ்வு மாம்பழத்துக்குப் பின்னரே தொடங்குகிறது. பற்றை விடுதல் என்றால் என்ன என்று வளர்ந்த வயதில் நாம் அறிய வேண்டியது அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

அம்மையார் கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்பது அறிஞர் கருத்து. அவர் வரலாற்றை விரித்துச் சொல்பவர் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பெருமான். கடற்றுறைப் பட்டினமான காரைக்காலில் தனதத்தன் என்னும் வணிகரின் மகளாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் புனிதவதி. நாகப்பட்டினத்து வணிகர் மகன் பரமதத்தனை மணந்து, காரைக்காலிலேயே இல்லறம் நடத்தினார்.

ஒருநாள் பரமதத்தன் தமக்குக் கிடைத்த இரண்டு மாம்பழங்களை வீட்டுக்கு அனுப்பினார். அந்த வேளையில் பசியோடு ஒரு சிவனடியார் வந்தார். சோறு ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. புனிதவதியார் சோற்றோடு ஒரு மாம்பழத்தையும் வைத்து அடியாரை உண்பித்தார். பின்னர் உணவுக்கு வந்த கணவர் எஞ்சிய பழத்தைச் சுவைத்து, மற்றதையும் கேட்டார். அம்மையார் இறைவனை நினைந்து நிற்க, கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை வேறாக இருக்கவே கணவர் காரணம் கேட்டார். நடந்ததை அம்மையார் மறைக்காமல் சொன்னார். நம்பாத கணவர் இன்னொரு கனி வருவிக்கச் சொல்ல, அதுவும் வந்தது. அவர் கைக்குப் போனதும் மறைந்தது. பரமதத்தன் அஞ்சினார். மனைவியைத் தெய்வமென்று எண்ணினார். எவரிடமும் காரணம் சொல்லாமல், வாணிகத்துக்கென்று கப்பலேறிப் போய்விட்டார்.

திரும்பி வந்தவர் பாண்டி நாட்டுப் பட்டினம் ஒன்றில் தங்கி, வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டார். செய்தியறிந்த உறவினர் அம்மையாரைப் பல்லக்கில் ஏற்றி அங்கே கொண்டு சென்றனர். பரமதத்தன் மனைவியோடும் குழந்தையோடும் எதிர்வந்து அவர் காலில் விழுந்தார்.

தோழியரே, அந்தப் பெண்ணின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். கணவர் அவரை வைது தள்ளவில்லை, வணங்கித் தள்ளினார். குற்றம் எதுவுமில்லாமல் குடும்ப வாழ்வு கைவிட்டுப் போயிற்று. இது அவர் விரும்பி விட்டதன்று. அவரிடமிருந்து எடுக்கப்பட்டது.

துறவு அதன்பின் வந்தது. கணவருக்காகத் தாங்கிய உடலழகு இனி எதற்கு என்று எண்ணி, அந்தத் தசைப் பாரத்தைக் கழித்து, இறைவனைச் சூழும் பேய்க்கணத்தின் வடிவைத் தமக்கு அருளுமாறு வேண்டினார், பெற்றார். கண்டவர் அஞ்சி விலகினர். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. காலால் மிதிக்கலாகாதென்று கயிலை மலையில் தலையால் நடந்து ஏறினார். இறைவன் அவரைத் தாயென்றே அழைத்தான். அவர் கேட்டவை: மாறாத அன்பு, பிறவாமை, பிறந்தாலும் மறவாமை, ஆடும் திருவடியின் கீழ் பாடியிருக்கும் பேறு. அந்தப் பேறு திருவாலங்காட்டில் அவருக்குக் கிடைத்தது. அவர் தலையால் நடந்த தலமென்பதால் அவ்வூருக்குள் கால்வைக்கத் திருஞானசம்பந்தரே தயங்கினார்.

அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆகியவை அவர் அருளியவை. பதிகம் பாடுவதில் தேவார மூவருக்கும் அவர் முன்னோடி. நாயன்மார் 63 பேரில் பெண்கள் மூவர். ஆலயங்களில் ஏனையோர் நிற்க, அம்மையார் அமர்ந்த கோலத்தில் இருப்பார். நம் நாட்டிலும் பொலன்னறுவையில் அவரது வெண்கலத் திருவுருவம் கிடைத்திருக்கிறது. எலும்பு தெரியும் மெலிந்த உடல், கையில் தாளம், முகத்தில் மகிழ்ச்சி. கம்போடியாவின் பாந்தியாய் சிரே கோயிற் சிற்பத்திலும் ஆடும் சிவனருகே அவர் இருக்கிறார். அழகை வேண்டாமென்றவரைக் கடல் கடந்தும் கலைஞர் தேடி வடித்திருக்கின்றனர்.

இழப்பு வேறு, துறவு வேறு. அரநாயக்கவைச் சேர்ந்த நமக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. 2016 மே 17ஆம் திகதி பெருமழையில் சாமசர மலைச்சரிவு இடிந்து கிராமங்களை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். அதற்கும் முன்னே, 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் பிறந்த லயத்தையும் வளர்த்த கொழுந்து மலையையும் விட்டு இந்தியாவுக்குப் போயின. இப்படி இழந்தவர்களிடம் சென்று, எல்லாம் நிலையற்றது, பற்றை விடுங்கள் என்று உபதேசிப்பது அறமாகாது. அவர்களுக்கு வேண்டியது கூரையும் பாயும் சோறும். அம்மையாரின் பக்தியும் பசித்தவருக்கு இலை போட்டதிலேதான் முதலில் வெளிப்பட்டது.

பற்றை விடும் கேள்வியை அவரவர் தம்மிடமே கேட்க வேண்டும். இதை நான் யாருக்காகத் தாங்கினேன்? அந்தத் தேவை முடிந்துவிட்டதா? பெட்டியிலிருக்கும் நகை, உடன்பிறந்தவரோடு பேச்சை நிறுத்திய காணித்துண்டு, ஓய்வு பெற்ற பின்னும் விடாத பதவிப் பெருமை, வளர்ந்து தம் வழி போன பிள்ளைகள் மேல் நாம் செலுத்த நினைக்கும் அதிகாரம் ஆகிய எல்லாவற்றுக்கும் இக்கேள்வி பொருந்தும். தேவை முடிந்ததென்றால் மெல்ல இறக்கி வைக்கலாம்.

அம்மையார் அன்பை விடவில்லை. பாட்டையும் தமிழையும் விடவில்லை. அழியும் அழகை இறக்கி வைத்தபோது அவர் கையில் தாளம் ஏறியது. பங்குனிச் சுவாதியில் அவர் குருபூசை வருகிறது. எந்த நாட்டில் இருந்தாலும் அன்று பசித்த ஒருவருக்கு நாம் ஓர் இலை போடுவோம்.