ரேச்சல் கார்சன்

கோலார் தங்கவயலுக்கு வடக்கே உள்ள சீனிவாசபுரம் மாம்பழத்திற்குப் பெயர் பெற்றது. தைத் திங்களில் மாமரங்கள் பூத்துக் குலுங்கும். அப்பொழுதே தத்துப்பூச்சியும் பூங்கொத்துகளில் வந்து மொய்க்கும். அதனை ஒழிக்க உழவர் மருந்து தெளிப்பர். பூவை நாடி வந்த தேனீயும் அம்மருந்தினால் மடியும்; மடியாது திரும்பும் தேனீயோ நஞ்சு கலந்த மகரந்தத்தைக் கூட்டிற்குச் சுமந்து செல்லும். இத்தகைய கேட்டினை உலகிற்கு எடுத்துரைத்தவர் ரேச்சல் கார்சன்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் 1907 மே 27 அன்று அவர் பிறந்தார். பறவைகளையும் செடிகொடிகளையும் இனங்காண அன்னை மரியா கற்பித்தார். எழுத்தாளராக விரும்பிக் கல்லூரியில் ஆங்கிலம் பயின்றவர், உயிரியலில் மனம் பற்றிப் பாடத்தை மாற்றிக்கொண்டார். 1932இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்று, பின்னர் அரசின் மீன்வளத் துறையில் பணியாற்றினார். கடலைப் பற்றி 1951இல் அவர் எழுதிய நூல் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. மறு ஆண்டே பணியைத் துறந்தார்.

அக்காலத்தில் டி.டி.டி. அருமருந்தாகப் போற்றப்பட்டது. மலேரியாக் கொசுவை அழித்து எண்ணற்ற உயிர்களை அது காத்தது என்பதும் உண்மையே. ஆனால் வானூர்தியிலிருந்து அதனை ஊர்மீதும் காட்டின்மீதும் பொழிந்தனர். 1958இல் மாசசூசெட்ஸில் வாழ்ந்த தோழி ஒருவர், கொசுமருந்து தெளித்தபின் தம் இடத்துப் பறவைகள் மாண்டதை மடல்வழி தெரிவித்தார். கார்சன் நான்காண்டுகள் சான்றுகளைத் திரட்டினார். இடையில் புற்றுநோய் அவரைப் பற்றியது. எதிர்ப்பாளர் அதனைக் காட்டித் தம் நூலைப் பழிப்பர் என்று அஞ்சி, நோயை வெளியே சொல்லாமலே எழுதினார்.

1962இல் 'மௌன வசந்தம்' வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் ஒரு கற்பனை ஊர் வருகிறது. அங்கே ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கும், தேனீக்கள் வாரா, ஆதலால் கனியும் இராது. மருந்து நிறுவனங்கள் சினந்தன. அவரை உணர்ச்சிவயப்பட்டவர் என்று ஏளனம் செய்தன. பூச்சிமருந்தே கூடாது என அவர் எழுதவில்லை. விளைவறியாது அளவின்றித் தெளிப்பதையே கண்டித்தார். இதனை மறைத்தே பலர் அவரைத் தாக்கினர். குடியரசுத் தலைவர் கென்னடியின் அறிவியல் குழு 1963 மே மாதத்தில் அவர் கருத்தைப் பெரிதும் ஏற்றது. அடுத்த திங்களில், நோயுற்ற உடலோடு செனட் குழுமுன் அவர் சான்றளித்தார்.

1964 ஏப்ரல் 14 அன்று, 56 வயதில் மறைந்தார். அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது 1972இல். அதைக் காண அவர் இல்லை. இந்தியா 1989இல் அதனை வேளாண்மையிலிருந்து விலக்கி, நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கு விட்டுவைத்தது. இன்று தத்துப்பூச்சிக்குத் தெளிக்கப்படும் இமிடாகுளோபிரிட் வேறு மருந்து. ஆயினும் அதுவும் தேனீயின் நரம்பைத் தாக்குவதே. ஆதலால் பூக்கள் நன்கு விரிந்திருக்கும் நாள்களில் மருந்து தெளிக்க வேண்டா என்று வேளாண் அறிஞர் உழவர்க்கு உரைக்கின்றனர்.