வெறுங்காலோடு கடல் கடந்தவர்

கல்கத்தா நகரின் தென்மேற்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் மெட்டியாபுருஸ் என்றொரு பகுதி உண்டு. 1856-இல் ஆங்கிலேயரிடம் அரசை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா, தம் எஞ்சிய வாழ்நாளைக் கழித்த இடம் அது. நவாப்பின் கவிதையும் இசையும் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். அதே மண்ணில் எளிய குடும்பமொன்றில் 1904-ஆம் ஆண்டு பிறந்து, ஐரோப்பியக் கழகமொன்றுக்கு ஆடிய முதல் இந்தியக் கால்பந்து வீரர் என்று போற்றப்பெறும் முகம்மது சலீமைப் பற்றியோ நம்மில் பலர் கேள்விப்பட்டதும் இல்லை.

சலீமுக்கு ஏழு வயதானபோது, 1911-இல், மோகன் பாகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. வென்ற பதினொருவருள் பதின்மர் வெறுங்காலர். பூட்ஸ் அணிந்த ஆளும் இனத்தாரை வெறுங்காலால் வெல்லலாம் என்ற எண்ணம் வங்கத்துச் சிறுவர் நெஞ்சங்களில் அன்று வேர்விட்டது.

சலீம் தேர்ந்துகொண்டது வலப்புற விங்கர் இடம். திடலின் ஓரக்கோட்டை ஒட்டியே ஓடி, எதிரணிக் காவலரை ஏமாற்றிக் கடந்து, நடுவில் நிற்கும் முன்வரிசையினருக்குப் பந்தைத் தூக்கி அனுப்புவது அவ்விடத்தாரின் பணி. கோல் அடிப்பவர் பெயரே ஊர்வாயில் நிற்கும்; வழி அமைத்துக் கொடுத்தவரை அடுத்த நாளே உலகம் மறந்துவிடும். அக்காலத் தோல் பந்து மழையில் நனைந்தால் கல்லாய்க் கனக்கும். அதனை வெற்றுப் பாதத்தால் அடக்கி, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி, ஆணி பதித்த பூட்ஸ்களுக்கு நடுவே கொண்டு செல்வது எளிதன்று.

பல கழகங்களில் ஆடிய பின் சலீம் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தில் நிலைபெற்றார். கல்கத்தா லீக் 1898-இல் தொடங்கியது. அதன் முதற்பிரிவில் ஆங்கிலேயப் படையணிகளும் வெள்ளையர் கழகங்களுமே அதுவரை வாகை சூடிவந்தன. 1934-இல் முதற்பிரிவுக்கு உயர்ந்த முகமதன் ஸ்போர்ட்டிங், அவ்வாண்டே லீக்கை வென்றது. 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் அவ்வெற்றி நீடித்தது.

1936-இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குச் சென்றுகொண்டிருந்த சீனக் கால்பந்து அணி, வழிச்செலவுக்குப் பொருள் திரட்டும் பொருட்டு இந்தியாவிலும் ஆடியது. அவ்வணிக்கு எதிராகச் சலீம் ஆடிய ஆட்டம் அனைவரையும் கவர்ந்தது. அடுத்த ஆட்டத்துக்கு அவரைத் தேடியபோது அவர் ஊரில் இல்லை! இங்கிலாந்திலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், இத்திறனை ஐரோப்பியர் காணவேண்டும் என்று வற்புறுத்திக் கப்பலேற்றிவிட்டார்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள செல்டிக் கழகத்தை அவ்விருவரும் அடைந்தனர். பிழைப்புத் தேடி வந்த ஏழை அயர்லாந்து மக்களின் பசி தீர்க்கப் பொருள் திரட்டுவதற்கென்று 1887-இல் தோன்றிய கழகம் அது. அப்போது லீக் வாகையரும் அவர்களே. 1897 முதல் மேலாளராக விளங்கிய வில்லி மேலியிடம் உறவினர் பேசினார். வந்திருப்பவர் வெறுங்காலில் ஆடுபவர் என்றறிந்து மேலி நகைத்தாலும், வாய்ப்பை மறுக்கவில்லை. சோதனை ஆட்டத்தைக் கண்டபின் நகைப்புக்கு இடமில்லாமற் போயிற்று.

அந்நாளைய புகைப்படமொன்று இன்றும் கிடைக்கிறது. செல்டிக் அணியின் பயிற்றுநர் ஜிம்மி மெக்மெனமி, ஒரு காலத்தில் அக்கழகத்தின் புகழ்மிக்க ஆட்டக்காரர், குனிந்து சலீமின் பாதத்தில் துணிக்கட்டுச் சுற்றுகிறார். இந்தியாவில் வெள்ளையர் ஆட்சி நடந்துகொண்டிருந்த 1936-இல், ஓர் இந்தியரின் காலடியில் ஒரு வெள்ளையர் பணிவிடை செய்கிறார்! அப்படத்தை நாம் எளிதில் கடந்துசெல்ல இயலவில்லை.

1936 ஆகஸ்ட் 28-இல் கால்ஸ்டன் அணிக்கெதிரே செல்டிக் 7-1 என வென்றது. ஏழு கோல்களுள் மூன்று சலீமின் காலிலிருந்து பிறந்த வாய்ப்புகள். பெனால்டி உதைக்க அழைத்தபோது கூச்சத்தால் மறுத்துவிட்டார். மறுநாள் ஸ்காட்டிஷ் டெய்லி எக்ஸ்பிரஸ் நாளேடு, அவரை வித்தைகாட்டும் இந்தியராக வருணித்து எழுதியது. ஹாமில்டன் அணிக்கெதிராகவும் அவர் ஆடினார். அதில் 5-1 என வெற்றி. இவை நட்பு ஆட்டமும் இரண்டாம் நிலை அணியின் ஆட்டமுமேயன்றி, முதன்மை லீக் ஆட்டங்கள் அல்ல. செல்டிக்கின் நட்சத்திரமாகவே திகழ்ந்தார் என்று சிலர் மிகைப்படுத்துவதில் நமக்கு உடன்பாடில்லை. உள்ளபடி சொன்னாலே அவர் பெருமை குறைவதற்கில்லை.

சில மாதங்களில் ஊர் நினைவு அவரை வாட்டியது. கழகத்தார் தங்கிவிடுமாறு வேண்டினர். அவருக்கென ஓர் ஆட்டம் நடத்தி, வசூலில் ஒரு பங்கு தர முன்வந்ததாகவும், அப்பணத்தை ஆட்டம் காண வந்த அநாதைக் குழந்தைகளுக்கே அவர் வழங்கச் செய்ததாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். ஏழைகளின் பொருட்டுத் தோன்றிய கழகத்தில், யாரும் சொல்லிக்கொடாமலே அதன் தொடக்க நோக்கத்தை அவர் நிறைவேற்றினார் எனலாம்.

கல்கத்தா திரும்பியவர் மீண்டும் முகமதன் ஸ்போர்ட்டிங்கில் இணைந்தார். பின்னர்க் காலம் அவரை மறந்தது. முதுமையில் நோயுற்றிருந்தபோது, மருத்துவச் செலவுக்கு உதவி வேண்டி அவர் மகன் செல்டிக் கழகத்துக்கு மடல் எழுதினார். பணம் அவர் நோக்கமன்று. தந்தையார் அவர்கள் நினைவில் இன்னும் வாழ்கிறாரா என்றறிவதே உள்ளக்கிடக்கை என்று பின்னாளில் தெரிவித்தார். விடை வந்தது, உள்ளே நூறு பவுனுக்கான வங்கி வரைவோலை இருந்தது.

முகம்மது சலீம் 1980 நவம்பர் 5-இல் காலமானார். அந்த வரைவோலையை மகன் பணமாக மாற்றவில்லை. தந்தையின் நினைவாகப் பாதுகாத்து வைத்துக்கொண்டார்.